கவசத்துக்கு உள்ளே இருப்பதையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ஜப்பானின் சாமுராய் போர்வீரர்கள் அணிந்த கவசங்கள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கொம்பு வைத்த தலைக்கவசம், மீசை ஒட்டிய இரும்பு முகமூடி, அரக்குப் பூசிய மார்புக் கவசம் என எல்லாவற்றுக்கும் முழுப்பக்கப் படங்கள். ஆனால் உள்ளே உடுத்தியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தையல் தொழிலில் இருக்கும் எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

எப்பேர்ப்பட்ட மார்புக் கவசம் என்றாலும் கையைத் தூக்கினால் அக்குள் திறந்துவிடும். ஈட்டி தேடி வருவதும் அந்த இடத்தைத்தான். தகட்டை அங்கே நீட்டினாலோ வாளை வீச முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தது துணி. ‘மஞ்சு நோ வா’ என்னும் உள்ளங்கி கழுத்து, தோள், அக்குள் மூன்றையும் சேர்த்து மூடும். சிலவற்றில் இரும்பு வளையங்களைக் கோத்த வலை இருக்கும். சிலவற்றில் ‘கிக்கோ’ எனப்படும் அறுகோணச் சிறு தகடுகளை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து, ஒவ்வொன்றையும் அதன் துளை வழியே நூல் ஓட்டித் தனித்தனியாகத் தைத்திருப்பார்கள். உடம்பு வளைந்தால் அங்கியும் கூடவே வளையும். எத்தனை பொறுமை வேண்டும் அந்தக் கைவேலைக்கு! முழுக் கவசம் 20 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அதன் தோள்பட்டைகள் எலும்பில் அழுந்தாமல் காத்ததும் உள்ளே வைத்துத் தைத்த மெத்தைதான்.

இதற்கெல்லாம் சில நூற்றாண்டுகள் முன்பு, கவசத்துக்குள் அணிந்தது ‘ஹிததாரே’ என்ற தொளதொளப்பான உடை. அதைச் சொல்லும்போது சைதோ சனேமோரி என்ற சாமுராயை எப்படி விட முடியும்? எழுபது வயதைத் தாண்டிய அவர், 1183இல் தான் பிறந்த பக்கமாகவே போருக்குப் போக நேர்ந்தது. தளபதிகளுக்கு மட்டுமே உரிய சிவப்புச் சரிகைப் பட்டு ஹிததாரேயை உடுத்தத் தலைவரிடம் அனுமதி கேட்டு வாங்கினார். கிழவர் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாதென நரைமுடிக்குக் கறுப்புச் சாயமும் பூசிக்கொண்டார். ஷினோஹாரா என்ற இடத்தில் நடந்த சண்டையில் பெயரைச் சொல்லாமலே போரிட்டு மாண்டார். துண்டித்த தலையைக் கழுவி நரை தெரிந்த பிறகே எதிரிகளுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது என்கிறது ‘ஹெய்கே மோனோகதாரி’ என்ற பழைய ஜப்பானியப் போர்க்காவியம். போருக்குப் போகும் முதியவர் ஒருவர் ஓர் உடைக்காகக் கெஞ்சி நின்றிருக்கிறார் என்றால், அந்த உடை கட்டுரையில் நான்கு வரிக்குக்கூடவா தகுதியில்லை?

தொடரின் அடுத்த பகுதியில் இந்த உள்ளுடைகளின் படங்களையும் வெளியிட வேண்டுகிறேன். மஞ்சு நோ வாவின் உட்புறத்தைத் திருப்பி, தையல் தெரியும்படி அருகிலிருந்து எடுத்த படமாக இருந்தால் இன்னும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகர்,
ஈரோடு.