ரிவ்யூவுக்கு வந்த பையன்

அடியே செல்வி,

திட்டாத. எட்டு மாசமா போன் எடுக்கல, மெசேஜ பாத்துட்டு பதிலும் போடல, எல்லாம் தெரியும். அத்தைக்கு முட்டி ஆபரேஷன், பெரியவனுக்கு பத்தாவது, அப்படியே ஓடிப்போச்சு. இப்ப எல்லாரும் நல்லா இருக்கோம். உன் குட்டிக்கு முன்பல்லு விழுந்த போட்டோ பாத்தேன், ஹாஸ்டல் மாடியில நீ திருட்டு மாங்கா கடிச்சப்ப வச்சிருந்த அதே முழி. அண்ணன கேட்டதா சொல்லு.

நான் எழுத உக்காந்தது வேற விஷயம், உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்.

போன வியாழக்கிழமை ஒரு ஆறு வயசுப் பையன் ரிவ்யூவுக்கு வந்தான். போன வருஷம் அவனுக்கு கீழ் இடது கடவாய்ப் பால் பல்லுல பல்பாட்டமி, அதான் பல்லுக்குள்ள இருக்குற நரம்புச் சதையில (பல்ப்) மேல் பாகத்த மட்டும் எடுத்துட்டு, எம்டிஏ சிமென்ட் வச்சு அடைச்சு, மேல ஸ்டீல் கேப் போட்டிருந்தேன். எக்ஸ்ரே எடுத்தா குறையே சொல்ல முடியாது டி, வேருக்கு நடுவுல எலும்பு அப்படியே நிக்குது, சீழ் இல்ல, பல்லு ஆடல. ஃபைல்ல 'சக்ஸஸ்'னு எழுதிட்டு தலைய தூக்குறேன், அவங்க அம்மா கேக்குறாங்க, "இனிமே வர வேண்டாம்ல டாக்டர்? இங்க வரணும்னு சொன்னதுலருந்து இவன் சாப்பிடவே இல்ல, ஸ்கூல் வேன் இந்தத் தெருவுல திரும்புனாலே கண்ண மூடிக்கிறானாம்." பையன் பக்கத்துலயே நிக்கிறான், அம்மா முந்தானைய சுருட்டி வாய்க்குள்ள திணிச்சு வச்சிருக்கான், நான் மறுபடி வாயத் தொறன்னு சொல்லிடுவேனோன்னு.

எனக்கு அன்னைக்கு நடந்தது அப்பதான் ஞாபகம் வந்துச்சு. வெளிய கூட்டம், ஊசி போட்டு நல்லா மரத்துப் போறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டேன், அவன் வலிக்குதுன்னு சொன்னான், நான் "வலிக்காது கண்ணா, சும்மா பயம்"னு சொன்னேன், சிஸ்டர் கையப் புடிச்சுக்கிட்டாங்க. அவனுக்கு வலிச்சிருக்கு செல்வி. பொய் சொன்னது நான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, எந்திரிச்சு பழைய பேப்பர்லாம் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சவ இன்னும் நிறுத்தல. வேர் சிகிச்சைப் பாடம் எடுத்த எண்டோ சாரோட எலிக்கதை ஞாபகம் இருக்குல்ல? 1965ல ககேஹாஷியும் ஸ்டான்லியும் ஃபிட்ஸ்ஜெரால்டும் எலிப் பல்லுல பல்ப் வரைக்கும் ஓட்டை போட்டு அப்படியே விட்டாங்களே, கிருமியே இல்லாம வளத்த எலிக்கு சாப்பாடு உள்ள போய் அடைச்சும்கூட ஓட்டைக்குக் குறுக்க டென்டின் பிரிட்ஜ், அதான் புதுப் பல் திசு, கட்டி ஆறிப்போச்சு, சாதா எலிக்கு சீழ் வச்சு பல்ப் செத்துப்போச்சு. அப்புறம் 1978ல ஸ்வீடன்ல செவெக், விழுந்து உடைஞ்ச 60 முன்பல்லுல மேல கொஞ்சூண்டு பல்ப்ப மட்டும் எடுத்துட்டு கால்சியம் ஹைட்ராக்சைடு வச்சாரு, 96 சதவீதம் ஆறிடுச்சு. பல்ப்புக்கு தானா ஆறத் தெரியும், நாம கிருமிய உள்ள விடாம அடைச்சுக் குடுத்தா போதும்ங்கறது எனக்கு இன்னமும் சிலிர்க்குது. ஆனா இதெல்லாம் பல்லோட கணக்குதான, பல்லு பொழைச்சுதா இல்லையா அவ்வளவுதான், அந்தப் புள்ள என்ன பாடு பட்டுச்சுன்னு எங்க எழுதியிருக்கு?

எழுதினவங்களும் இருக்காங்க. ஹால் கேப்னாலே 'சொத்தைய மூடி மறைக்கிற வேலை'ன்னு என்கிட்ட ஒரு ராத்திரி முழுக்க கத்துனியே, இதப் படி. ஊசி கிடையாது, டிரில் கிடையாது, சொத்தையத் தோண்டாம மேல கேப்ப மாட்டி மூடுறது. ஸ்காட்லாந்துல 132 குழந்தைங்களுக்கு ஒரு பல்லுக்கு ஹால், இன்னொரு பல்லுக்கு அங்க வழக்கமா பண்ற ட்ரீட்மென்ட்னு பண்ணிப் பாத்தாங்க. 5 வருஷம் கழிச்சு சீழ் மாதிரி பெரிய பிரச்சனை ஹால்ல 3 சதவீதம், மத்ததுல 16.5. அதவிட எனக்குப் பெருசா பட்டது, எது புடிச்சுதுன்னு குழந்தைங்ககிட்டயே கேட்டிருக்காங்க, 77 சதவீதம் ஹால்னு சொல்லியிருக்கு. ரிவ்யூவுக்கு வந்த அந்தப் பையனுக்கு அது ஆகாதுதான், ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலியோட வந்தவன், அந்தப் பல்லுக்கு பல்ப்புக்குள்ள போய்த்தான் ஆகணும். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா? அதான் மனசப் போட்டு அரிக்குது.

அப்புறம் அந்த பெரிய பிரிட்டிஷ் ட்ரையல், ஃபிக்‌ஷன்னு பேரு, 3லேர்ந்து 7 வயசு வரைக்கும் 1144 குழந்தைங்க, அதுல முதல் கேள்வியே வலியோ சீழோ வந்துச்சாங்கறதுதான். வழக்கமா அடைச்ச குரூப்ல 42 சதவீதம், ஹால் மாதிரி சொத்தைய மூடி வச்ச குரூப்ல 40, வெறும் தடுப்பு மட்டும் பாத்த குரூப்ல 45. பெரிய வித்தியாசமே இல்ல. எப்படிப் பாத்தாலும் பத்துல நாலு புள்ளைங்களுக்கு வந்திருக்கு டி. நாலு நாள் என்னால இதத் தாண்டி எதையும் யோசிக்க முடியல, சொத்தை வந்தப்புறம் நாம என்ன பண்ணாலும் லேட்டுதான்னு தோணுது.

இப்ப ஆறு மூஞ்சி போட்ட அந்த வலிச் சார்ட்ட சுவத்துல ஒட்டியிருக்கேன். நேத்து ஒரு நாலு வயசுப் பொண்ணு, கண்ணுல தண்ணி நிக்குது, சிரிக்கிற மூஞ்சியத் தொட்டா. ஏன்மான்னு கேட்டா "இந்தப் பாப்பாதான் எனக்குப் புடிச்சிருக்கு"ங்கறா. அதனால சார்ட்ட மட்டும் நம்பாம, எந்தப் பக்கம் மென்னு சாப்பிடுற, ராத்திரி முழிச்சியான்னும் கேக்குறேன், அம்மாகிட்ட தனியா கேக்குறேன், மறுநாள் சாயங்காலம் போன் போட்டு ஒரு நோட்டுல எழுதி வைக்கிறேன். நீயும் உன் கிளினிக்ல இதையே கேட்டு எழுதி வையேன் செல்வி, ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். உனக்கு வேலை அதிகம்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் கேக்குறேன்.

அந்தப் பையன்கிட்ட கீழ குனிஞ்சு, "அன்னைக்கு உனக்கு நெஜமாவே வலிச்சுது, நீ சொன்னவுடனே நான் நிறுத்தியிருக்கணும், தப்பு என் மேலதான்"னு சொன்னேன். முந்தானைய வாய்லேர்ந்து எடுத்துட்டு "ஆமா"ன்னான். திரும்ப வச்சுக்கிட்டான்.

பொங்கலுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வர்றேன், மெஸ் அக்காவப் போய்ப் பாப்போம், அவங்களுக்கும் சுகர் ஏறிடுச்சாம். பதில் போடு, லேட் பண்ணாத, நான் பண்ணேன்னு நீயும் பண்ணாத.

உன்
கலா