சரவணனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள சரவணனுக்கு,

நான் கேட்டவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தாய். உன் பதவி உயர்வுச் செய்தியை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கும் பெருமைதான். ஆனால் உன்னைச் செய்துகொள்ளச் சொன்ன இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கணையத்தில் புற்று என்றதும் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து போனார்கள். எனக்கு வந்தது பெரும்பாலோருக்கு வரும் வகை அன்று. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. கணையப் புற்றுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது, பெரும்பாலும் மெதுவாக வளர்கிறது. எண்டோஸ்கோப்பி வழியே ஊசியால் எடுத்த சதையில் செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 என்ற அளவு 3 சதவீதத்துக்குக் கீழ் இருந்ததாலும், இந்த வகைக் கட்டிகளைத் தேடிக் காட்டும் காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேனில் கல்லீரலுக்குப் பரவியதாகத் தெரியாததாலும், கணையத்தின் வால்பகுதியை அகற்றுவதோடு முடிந்தது. பரவியிருந்தாலும் கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு கதிர்வீசும் லுட்டீசியம்-177 மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு 2018இல் அனுமதி கிடைத்தது.

ஆப்பிள் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டதும் இந்த வகைதான். அவர் அறுவைச் சிகிச்சையை ஒன்பது மாதம் தள்ளிப்போட்டார், 2011இல் காலமானார். உடனே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் அறுதியிட முடியாது. ஆயினும் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

தாத்தாவின் ஆறாத வயிற்றுப்புண்ணையும், ராஜபாளையம் அத்தைக்குத் திரும்பத் திரும்ப வந்த சிறுநீரகக் கல்லையும் நாம் வெவ்வேறு நோய்களாகவே எண்ணியிருந்தோம். குடும்ப வரலாற்றைப் பொறுமையாகக் கேட்ட மருத்துவர், அவையும் என் கட்டியும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கக்கூடும் என்றார். எம்.இ.என்.1 என்னும் மரபணுவில் பழுது இருந்தால் கழுத்தில் இருந்துகொண்டு கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி பெருத்து, இரத்தத்தில் கால்சியம் கூடிக் கல் உண்டாகும்; அமிலத்தைத் தூண்டும் கட்டி தோன்றினால் புண் ஆறாது. என் இரத்தத்தில் அந்தப் பழுது உறுதியாகிவிட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

விடியற்காலையில் உனக்குக் கை நடுங்கி வியர்க்கிறது, எதையாவது சாப்பிட்டதும் சரியாகிவிடுகிறது என்று உன் தங்கை சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட்டதும் சரியாகிறது என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. இன்சுலினை அளவின்றிச் சுரக்கும் சிறு கட்டி இப்படித்தான் காட்டும். அது பெரும்பாலும் புற்றாக இருப்பதில்லை, எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும். வேறு காரணமாகவும் இருக்கலாம். நடுக்கம் வரும்போதே சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவை.

பெண் பார்க்கும் நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்கிறாள் அம்மா. நீ மௌனமாக இருப்பதும் அதனால்தானோ என்று நினைக்கிறேன். பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன். அது உன் கவலை அன்று. கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், வெறும்வயிற்றுச் சர்க்கரை, மரபணுச் சோதனை, இவற்றை இந்த மாதமே செய்துகொள். என் மருத்துவ அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்குள்ள நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அதைக் காட்டு. இரத்தம் கொடுத்த அன்றே எழுது, முடிவு வரட்டும் என்று காத்திருக்காதே.

அன்புடன்,
அப்பா