அந்த எச்சரிக்கையைத் தமிழில், முன்பக்கம் போடுங்கள்

உணவுப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சத்து மாத்திரை டப்பாவில் 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று அச்சிடச் சொல்வது உங்கள் விதி. நல்ல விதிதான். அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ போட்டாலே போதும் என்பதும் உங்கள் விதிதான். என் அம்மாவுக்கு இரண்டும் வாசிக்க வராது.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சுகர். தெரிந்தவர் ஒருவர் 'ஆன்டிஆக்ஸிடன்ட், ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யும்' என்று ஒரு டப்பாவைத் தலையில் கட்டினார். விலை ஆயிரத்துக்கு மேல். அதை வாங்குவதற்காக, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் அம்மா எங்களிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டார். கால்விரல் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "அதான் ரத்தக்குழாய்க்குத் தனியா சாப்பிடுறேனே" என்றார். இப்போது செருப்புப் போட முடியாது, கோயிலுக்குப் போக முடியாது. கட்டு மாற்றும் நாளெல்லாம் கூட வருபவருக்குச் சம்பளம் போகிறது. டப்பாவை வாங்கிப் பார்த்தேன். உங்கள் எச்சரிக்கை இருந்தது, பக்கவாட்டில், எறும்பு அளவில்.

சர்க்கரை கூடினால் ரத்தக்குழாயின் உட்சுவரில் ஆக்ஸிஜன் கழிவு பெருகும், குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறையும். இது உண்மை. அந்தக் கழிவை ஆன்டிஆக்ஸிடன்ட் அகற்றும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சொல்லாமல் விடுவது மீதிக் கதையை. 2002இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 20,536 பேர். அதில் 6,000 பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சர்க்கரை நோயாளிகள். மொத்தப் பேரில் பாதிப் பேருக்கு 5 ஆண்டுகள் வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களைக் கொடுத்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. அதே ஆய்வில் இரண்டையும் குறைத்தது சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை. அம்மா நிறுத்தியது அந்த வகை மாத்திரையைத்தான்.

சுகரைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் வந்துவிட்டது. 'ரத்தக்குழாய் ஆரோக்கியம்' என்று மாற்றி எழுதினால் அந்தச் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் போல. அப்புறம், முன்பக்கம் முழுக்க மாதுளம்பழம் சிரிக்க இடம் இருக்கிறது. ஒரு வரி எச்சரிக்கைக்குத்தான் இடப் பஞ்சம்! சரி, வேறு எங்கோ போகிறேன்.

பெரியவர்களே, கேட்பது இதுதான். அந்த எச்சரிக்கை, விற்கும் மாநிலத்தின் மொழியில், முன்பக்கத்தில், பொருளின் பெயர் அளவுக்கே இருக்க வேண்டும். 'டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்பதையும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சர்க்கரை நோயாளியின் மகள்