சிரிக்க வேண்டுமா, பதற வேண்டுமா? ஹாலிவுட் தயாரிப்புத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹாலிவுட் பட நிறுவனங்களின் தயாரிப்புத் தலைவர்களுக்கு,

வணக்கம். இம்மடலைத் தமிழில் எழுதுவதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உங்கள் நாயகர்களைத் தமிழில் பேசவைத்து எங்களிடம் டிக்கெட் விற்கத் தெரிந்த உங்களுக்கு, எங்கள் மடலைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்காமலா போய்விடுவார்?

இரண்டு போலீஸ்காரர்கள், ஒருவர் சிடுமூஞ்சி, மற்றவர் ஓட்டைவாய், இருவருக்கும் ஒத்துப்போகாது, ஆனால் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள் என்ற இந்த வகைப் படங்களின் சரித்திரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்மையில் நண்பர்கள் சிலர் ஒரு மொட்டைமாடியில் கூடி, 2010இல் வெளிவந்த ‘காப் அவுட்’ படத்தைப் பார்த்தோம். இம்மடலை எழுதவைத்தது அந்த மாலைதான்.

படத்தின் தொடக்கத்தில், இரண்டு போலீஸ் நாயகர்களில் ஒருவரான டிரேசி மார்கன் பெரிய கைபேசி பொம்மை உடையை மாட்டிக்கொண்டு கடை வாசலில் வேவு பார்க்க நிற்கிறார். நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள், போலீசுக்குத் துப்புச் சொன்ன மனிதர் கடைக்குள் சுட்டுக் கொல்லப்படுகிறார். மாடியில் சட்டென்று ஓர் அமைதி. யாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோமோ அவர் அதே உடையில் கொலைகாரனைத் துரத்துகிறார். இப்போது நாங்கள் சிரிக்க வேண்டுமா, பதற வேண்டுமா? படத்திடம் இதற்குப் பதில் இல்லை. நாயகர்கள் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்கள். கதை, மகளின் திருமணச் செலவுக்காக இன்னொரு நாயகர் புரூஸ் வில்லிஸ் விற்க வைத்திருந்த, சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்கும் 1952ஆம் ஆண்டுப் பேஸ்பால் வீரர் பட அட்டை திருட்டுப்போன விவகாரத்துக்குத் தாவிவிடுகிறது. செத்தவரை அதன்பின் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. பிறகு, கடத்தப்பட்ட ஒரு பெண் காரின் டிக்கியிலிருந்து மீட்கப்படுகிறாள். அவள் உயிர் போகும் அச்சத்தில் பேசுகிறாள். அவள் பேசும் ஸ்பானிஷ் இவர்களுக்குப் புரியவில்லை என்பதுதான் அங்கே நகைச்சுவை. அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் மனம்விட்டுச் சிரிக்கவில்லை. சிரித்தால் அடுத்த நொடி எந்தப் பிணம் விழுமோ என்று காத்திருக்கப் பழகிவிட்டோம்.

இத்தனைக்கும் நாங்கள் பொறுமைசாலிகள். கவுண்டமணியும் செந்திலும் ஒரு பக்கம் அடித்துக்கொள்ள, மறுபக்கம் கதாநாயகியின் தந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் அந்தக் காமெடி டிராக் தனி, கதை தனி. அங்கே உதை வாங்குபவர் வேறு, இங்கே உயிரை விடுபவர் வேறு. நீங்களோ நகைச்சுவையையும் துப்பாக்கியையும் ஒரே ஆளின் கையில் கொடுக்கிறீர்கள். அப்படிக் கொடுத்தால் எங்கள் பழைய படங்களுக்குத் தேவைப்பட்டதைவிடப் பத்து மடங்கு கவனம் வேண்டாமா?

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். உங்கள் கதையில் ஒருவர் செத்தால் அது துக்கமா, வேடிக்கையா என்பதைக் கதையை எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். எடிட்டிங் மேசையில் வந்து யோசிக்காதீர்கள்.

இது முடியாத காரியமன்று. நீங்களே செய்து காட்டியதுதான். அதே 2010இல், அதே நியூயார்க் போலீசை வைத்து வந்த ‘தி அதர் கைஸ்’ படத்தில், ஊரே கொண்டாடும் இரண்டு வீரதீர அதிகாரிகள் கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்துச் செத்துப்போகிறார்கள். நாங்கள் சிரித்தோம், குற்றவுணர்வே இல்லாமல் சிரித்தோம். ஏனென்றால், இது அபத்தம் ஆளும் உலகம் என்பதை அந்தப் படம் முதல் துரத்தலிலேயே சொல்லிவிட்டிருந்தது. இதற்கு நேரெதிர் 1987இல் வந்த ‘லீத்தல் வெப்பன்’. மனைவியைப் பறிகொடுத்த மெல் கிப்சன் தன் வாயில் துப்பாக்கியைத் திணித்துக்கொண்டு அழுகிறார். தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கான முயல் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னொரு காட்சியில், குதித்துச் சாகப்போகிறேன் என்று மாடி விளிம்பில் நிற்பவனோடு தன் கையையும் விலங்கால் பிணைத்துக்கொண்டு, இருவருமாகக் கீழே விரித்த காற்று மெத்தையில் குதிக்கிறார். அங்கே சிரிப்பும் வருகிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. இரண்டும் ஒரே காயத்திலிருந்து வருவதால் ஒன்றை மற்றொன்று கெடுக்கவில்லை.

‘காப் அவுட்’ படத்துக்கோ, 1984இன் ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ படத்துக்கு இசையமைத்த ஹெரால்ட் ஃபால்டர்மையரையே தேடிப்பிடித்து அழைத்துவந்தீர்கள். அந்தப் பழைய சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலி அப்படியே திரும்ப வந்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்த 1984 படத்தில் நாயகர் எடி மர்ஃபி யாரையும் விட்டுவைக்காமல் கேலி செய்வார், கொல்லப்பட்ட தன் நண்பனை மட்டும் ஒரு வார்த்தை கேலி செய்ய மாட்டார். அந்த நிதானத்தை அழைத்துவர மறந்துவிட்டீர்கள். தான் எழுதிய கதைகளையே இயக்கிவந்த கெவின் ஸ்மித், பிறர் எழுதிய கதையை முதன்முறையாக இயக்கிய படம் இது என்பதும் நினைவுக்கு வருகிறது. எழுதியவர் சிரிப்பை ஒரு பக்கமும், இயக்கியவர் பழைய படங்களின் மீதான பாசத்தை இன்னொரு பக்கமும், நிறுவனம் துப்பாக்கிச் சண்டையை வேறொரு பக்கமும் இழுத்தால் வண்டி எந்தத் தெருவுக்குப் போகும்?

போதாக்குறைக்கு டிரெய்லர். அதில் நகைச்சுவைத் துணுக்குகளை மட்டும் கோத்துப் போடுகிறீர்கள். ரத்தத்தை எங்கே ஒளித்துவைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள நாங்கள் முழுப் படத்துக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. 2024இல் ‘பேட் பாய்ஸ்’ நான்காம் பாகம் வந்தது, ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ நான்காம் பாகமும் வந்தது. நாயகர்களுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் புதிய கதை வரவில்லை. ஐந்தாம் பாகத்தில் ஓய்வூதிய விண்ணப்பத்தோடு வில்லனைத் துரத்துவார்களோ என்னவோ.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவன்று. பழைய நாயகர்களையே வைத்து இன்னும் பத்துப் பாகங்கள் எடுங்கள். நாங்கள் பார்ப்போம், இந்த வகைப் படங்களின் மீது எங்களுக்குள்ள ஆசை அத்தகையது. கதைக்கு ஒப்புதல் தரும் நாளில் மட்டும், முதல் கொலை நடக்கும் பக்கத்தைத் திறந்துவைத்து, ‘இங்கே பார்ப்பவர் சிரிக்க வேண்டுமா, பதற வேண்டுமா?’ என்று எழுதியவரையும் இயக்குபவரையும் தனித்தனியே கேளுங்கள். இருவரும் வெவ்வேறு பதில் சொன்னால் படப்பிடிப்பைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
இரட்டைப் போலீஸ் படங்களைத் தவறாமல் பார்க்கும் ஒரு தமிழ் ரசிகன்