மாவட்டப் பக்கத்தில் காசு வாங்கிப் போடும் செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊடக முதலாளிகளும் கட்சிகளும் என்று பேச்செடுத்தாலே சென்னை, டெல்லித் தொலைக்காட்சிகளோடு நின்றுவிடுகிறோம். தேர்தல் நேரத்தில் வேட்பாளரிடம் காசு வாங்கி, விளம்பரத்தைச் செய்திபோலப் போடும் நாகர்கோவில் பதிப்பின் மாவட்டப் பக்கத்தையும், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துக் கேபிள் சேனல்களையும் யாராவது கவனிக்க வேண்டாமா?

இதற்கென்றே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கப்படுகிறது. காசு வாங்கிப் போட்ட செய்தி என்று குழு சந்தேகித்தால், அது வெளியான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 48 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் குழுவின் முடிவே இறுதி. அந்தச் செய்தி பிடித்த இடத்துக்கான விளம்பரக் கட்டணம் வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறும். சட்டமன்றத் தேர்தலில் அந்தச் செலவுக்கு வரம்பு 40 லட்சம் ரூபாய், மக்களவைக்கு 95 லட்சம். நோட்டீஸுக்கு 96 மணி நேரக் கெடு இருப்பதால், செய்தி வந்த அன்றே, தவறினால் மறுநாளாவது, குழுவுக்குப் புகார் போய்ச் சேர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி நறுக்கில் தேதியும் இருக்காது, பதிப்பும் தெரியாது. அதை வைத்துக் குழு எதுவும் செய்ய முடியாது. புகார் தரும் வாசகர்களே, முழுப் பக்கத்தையும் கொடுங்கள். அதே வாசகமும் படமும் வேறு நாளிதழில் வந்திருந்தால் அதையும் சேருங்கள். 'கட்சி அனுப்பிய அறிக்கை' என்று பத்திரிகைக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். அறிக்கையானால் யார் சொன்னது என்று இருக்கும். வெற்றி உறுதி என்று பத்திரிகையே தன் குரலில் எழுதியிருந்தால் அந்த வரிகளை அடிக்கோடிடுங்கள். ஒரே பக்கத்தில் எதிரெதிர் வேட்பாளர்கள் இருவருமே ஜெயிப்பதாக வந்தால் அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. கேபிள் என்றால் சேனல், ஆபரேட்டர், தேதி, நேரம் குறித்து, செல்போனில் பதிவு செய்துவிடுங்கள்.

உத்தரப்பிரதேசத்தின் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் இப்படி வந்த செய்திகளின் செலவைக் கணக்கில் காட்டாததால் 3 ஆண்டுகளுக்குத் தகுதியிழந்தார். தேர்தல் ஆணையத்தின் அந்த உத்தரவு வந்ததோ 2011இல், பதவிக்காலமே முடியப்போகும் நேரத்தில்!

செய்தி எழுதும் பகுதிநேர நிருபரையே விளம்பரமும் பிடித்துவரச் சொல்லும் நிர்வாகங்கள் இருக்கும்வரை இந்த நோய் தீராது. தங்கள் இதழாவது அந்த இரு வேலைகளையும் இரு ஆட்களிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவித்ததும் குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாவட்டப் பக்கத்தில் தினமும் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர்,
தக்கலை