எட்டுத் தங்கமீன், ஒரு கறுப்பு மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டி பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: 'தங்கமீன் சாதுவானது என்பதால் எந்த மீனுடனும் சேர்த்து வளர்க்கலாம்.' அடுத்த பத்தியில், ஓரடித் தொட்டியில் எட்டுத் தங்கமீனும் ஒரு கறுப்பு மீனும் விட்டால் வீட்டுக்குத் திருஷ்டி அண்டாதாம். கூடவே ஒரு சக்கர் மீனைப் போட்டுவிட்டால் தண்ணீர் மாற்றும் வேலையே இல்லையாம். நாலே வரியில் மூன்று தப்பை அடக்கிய கட்டுரையாளரின் சிக்கனம் எல்லோருக்கும் வராது.

சாதுவா முரடா என்று குணம் விசாரிக்க இது சம்பந்தம் பேசுகிற காரியம் அல்ல. தங்கமீன் சீனத்திலிருந்து வந்த கெண்டை இனம். 18 முதல் 23 டிகிரி வரையுள்ள தண்ணீர்தான் அதற்குச் சுகம். சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவது தங்களுக்குத் தெரியாததல்ல. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தங்கும் தண்ணீரில், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தங்கும். சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடிவிடும். வெளிநாட்டுப் புத்தகங்கள் ஹீட்டர் போட்ட தொட்டியில் தங்கமீனை விடாதே என்று எச்சரிக்கின்றன. மதுரையில் ஊரே ஹீட்டர். இங்கே மூச்சு வாங்குவது தங்கமீன்தான். அதன் தொட்டியில் கூட ஒரு மீனை விடுவதென்றால், அதன் மூச்சிலிருந்து ஒரு பங்கை எடுத்துக் கொடுப்பதாகும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கன அடித் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 28 லிட்டர்தான் கொள்ளும். உருண்டை உடம்புத் தங்கமீனில் முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்பது அனுபவப்பட்டவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்பது மீனுக்கு 395 லிட்டர், அதாவது 14 கன அடி. தங்கள் கட்டுரை கொடுத்தது ஒரே ஒரு கன அடி. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது சீக்கிரமே கழிவாக வெளியே வரும், அமோனியாவும் அதே வேகத்தில் ஏறும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 உள்ள தண்ணீரில் அந்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8-உம் 30 டிகிரி சூடும் சேர்ந்தால் ஏழு பங்குக்கு மேல் விஷம். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 8-ஐத் தொடுவது சாதாரணம். அமோனியாவைத் தின்று மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டி மீன்கள் முதல் வாரத்திலேயே மேலே வந்து வாயைப் பிளப்பதும் செவுள் சிவப்பதும் இதனால்தான்.

முதலில் போவது பெரும்பாலும் அந்தக் கறுப்பு மீன். கடையில் கொடுப்பது பிளாக் மூர் என்ற தங்கமீன் வகை. பிதுங்கிய கண், பார்வை குறைவு, நீச்சல் மந்தம். கூட விடுவதோ காமெட் என்ற நீண்ட உடம்புத் தங்கமீன். இரை விழுந்ததும் பாய்ந்து வந்து மொத்தத்தையும் அள்ளிவிடும். மூர் பட்டினியில் மெலிந்து, அமோனியாவில் சாகும். வீட்டில் என்ன சொல்வார்கள்? 'திருஷ்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டது.' அடுத்த வாரம் இன்னொரு கறுப்பு மீன் வாங்குவார்கள். பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்று ஒரு நாரை வரம் வாங்கியதாகத் தலபுராணம் சொல்லும். அந்த வரம் நம் வரவேற்பறைத் தொட்டிகளுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

சக்கர் மீன் விஷயத்துக்கு வருகிறேன். கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்ற பட்டத்தோடு விற்கிறார்கள். அது கண்ணாடியில் ஒட்டிய பாசியைத்தான் சுரண்டும். அமோனியாவைத் தின்னாது, தானும் சேர்த்துக் கழிக்கும். பாசி தீர்ந்தபின் இரவில் மந்தமான தங்கமீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பைச் சுரண்டும். அங்கே புண் வரும், புண்ணில் பூஞ்சை பிடிக்கும். விரல் நீளத்தில் வாங்கியது ஓரடியைத் தாண்டி வளர்ந்ததும் தொட்டி போதாமல் கண்மாயில் கொண்டுபோய் விடுவார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இந்த அந்நிய மீன் பரவி, கரையைக் குடைந்து, நாட்டு மீனின் இடத்தைப் பிடிப்பது தங்கள் செய்திப் பக்கம் அறியாததா? செய்திப் பக்கத்தில் பயமுறுத்துவதை இணைப்பிதழில் சிபாரிசு செய்கிறீர்கள்.

எந்த மீனுடனும் என்றால் எதனுடன்? டைகர் பார்ப் மீன் ஒராண்டா என்ற உருண்டைத் தங்கமீனின் வாலைக் கடித்துக் கிழிக்கும். ஏஞ்சலும் பக்கத்தில் வந்து கொத்தும். ஃபைட்டருக்கு அசையாத் தண்ணீர் வேண்டும், தங்கமீனுக்கு ஓட்டம் வேண்டும். நியான் டெட்ராவும் சின்ன கப்பியும் தங்கமீனின் வாய்க்குள் அடங்கும், ஆகவே அவை துணை அல்ல, இரை. கோரி என்ற குட்டிக் கெளுத்தியை விழுங்கப் பார்த்தால் அதன் முள் விறைத்து வாயில் சிக்கி இரண்டும் சாகும். 2 அங்குலத்தில் 'ஷார்க்' என்று விற்பது சுறாவே அல்ல. 1 மீட்டரைத் தாண்டி வளரும் மேகாங் ஆற்றுக் கெளுத்தி. கூட இருப்பதையெல்லாம் தாக்கும் முரட்டு மீனான ஃப்ளவர்ஹார்ன் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தங்கமீனுக்குச் சரியான துணை அதே உடல்வாகுள்ள தங்கமீன்தான். உருண்டை உடம்பு வகைகளான ஒராண்டா, ரியூக்கின், ரெட் கேப் ஒரு தொட்டி. நீண்ட உடம்புக் காமெட், ஷுபுன்கின் வேறு தொட்டி. கண்ணுக்குக் கீழே பை தொங்கும் பப்பிள் ஐயும் மூரும் தங்களுக்குள் மட்டும். அவசியம் வேறு மீன் வேண்டுமென்றால் நம் நாட்டு ஜீப்ரா டேனியோ ஆறு, அதுவும் நன்றாக வளர்ந்ததாக. அது துள்ளி வெளியே விழும் என்பதால் மேலே வலை மூடி வேண்டும். ரோஸி பார்ப் காமெட்டோடு சரிப்படும், நீள வால் மீனோடு வேண்டாம். புத்தகங்கள் புகழும் ஒயிட் கிளவுட் என்ற சின்ன மீன் குளிர் விரும்பி. இங்கே சித்திரையைத் தாண்டாது. நத்தை விடலாம், ஆனால் உணர்கொம்பைத் தங்கமீன் பிய்க்கும். செம்பு கலந்த மருந்து ஊற்றினால் நத்தை அன்றே போய்விடும்.

புது மீனை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. மூன்று வாரம் தனி டப்பில், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனோடு. வெள்ளைப்புள்ளி, நங்கூரப்புழு, மீன்பேன் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கடையில் இலவசமாகத் தரும் நீல மருந்தையும் அந்த டப்போடு நிறுத்துங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா கெடும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சேர்த்த பிறகுதான். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிய வேண்டும்.

இதே இணைப்பில் போன கோடையில் தொட்டிக்குள் ஐஸ் கட்டி போடச் சொல்லி ஒரு துணுக்கு வந்தது. ஒரே மூச்சில் நாலைந்து டிகிரி இறங்கினால் மீன் அதிர்ந்து நோயில் விழும். கண்ணாடி மூடியை எடுத்து வலையைப் போட்டு, டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பினாலே 2, 3 டிகிரி குறையும். இரையைப் பாதியாக்கினால் போதும். அதைச் சொல்லி அப்போது ஒரு கடிதம் போட்டேன். பிறந்தநாள் விழாவுக்கு பிளாஸ்டிக் கவரில் தங்கமீன் ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுக்கலாம் என்று வந்தபோது இன்னொன்று போட்டேன். இரண்டும் வரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். ராசிபலனில் மகரமும் கும்பமும் இடம் மாறி அச்சானபோது மட்டும் மறுநாளே கட்டம் கட்டி வருத்தம் தெரிவிக்க இடம் இருந்தது. மகர ராசிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. வரும் ஞாயிறு நாலு வரித் திருத்தம்: ஓரடித் தொட்டியில் தங்கமீன் வேண்டாம், சக்கரைச் சேர்க்க வேண்டாம், வளர்ந்ததைக் கண்மாயில் விட வேண்டாம். ராசிபலனுக்குக் கீழே இடம் கிடைத்தாலும் சரி. இனி மீன் பற்றி எழுதினால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். 1977-லிருந்து அங்கேதான் இருக்கிறது. ஒரு போன் போதும். கட்டுரைக்கு மேலே போட்டிருந்த கண்ணாடிக் கிண்ணத்துத் தங்கமீன் படத்தையும் மாற்றிவிடுங்கள். சேமிப்புக் கணக்கு பற்றிய கட்டுரைக்கும் அதே படத்தைத்தான் போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
செல்லூர், மதுரை.