தயிர்ச்சட்டியில் தொடங்கட்டும் பெரியவர்களின் சித்திர வகுப்பு

ஆசிரியர் அவர்கட்கு,

எங்கள் பக்கத்தில் சித்திர வகுப்பு என்றால் அது பிள்ளைகளுக்கானது. சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்த பிள்ளை, போட்டிக்குப் போகும் பிள்ளை, கூட்டிவந்து காத்திருக்கும் தாய் தகப்பனுக்கு வாசலில் ஒரு கதிரை. அந்தக் கதிரையில் இருப்பவர்களே இப்போது, “எங்களுக்கும் படிப்பிச்சுத் தருவீங்களா?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் அவர்களுக்கென்று நடக்கும் வகுப்பிலும் பெரும்பாலும் பார்த்துப் பிரதி செய்யும் வேலைதான். கைபேசியில் ஒரு படம், அதன் மேல் கட்டம், கடதாசியிலும் அதே கட்டம், கட்டம் கட்டமாகப் பார்த்து இறக்கு. மூன்றாம் கிழமைக்குள் ஒரு முருகனோ ஒரு நடிகையோ வந்துவிடும், வீட்டாரும் மெச்சுவார்கள். நான்காம் கிழமை மேசையில் இருக்கும் கோப்பையை வரையச் சொன்னால் கை நகராது.

கட்டம் போடுவது குற்றமில்லை. சிறிய வரைபைச் சுவரளவுக்குப் பெருப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அளவெடுக்கும் வேலையைக் கட்டமே செய்துவிடுவதால் கண் ஒன்றும் பழகுவதில்லை. நாற்பது வயதில் பென்சில் பிடிப்பவருக்குக் குறை கையில் இல்லை, கண்ணில்தான். கையெழுத்துப் போடத் தெரிந்த கைக்குக் கோடு போடவும் முடியும். காண்பதை விட்டுத் தெரிந்ததை வரைந்துவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

இதைக் காட்ட எங்கள் ஊரில் தயிர்ச்சட்டியைப்போல ஒரு பொருள் இல்லை. எருமைத் தயிர் வாங்கிய சட்டியைக் கழுவிக் காயவைத்து, மேசையில் வைத்து, ஐந்தடி தள்ளி இருந்து வரையச் சொல்லுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் வாயை நன்றாக அகன்ற வட்டமாகப் போடுவார்கள், ஏனெனில் சட்டியின் வாய் வட்டம் என்று அவர்களுக்குத் தெரியும். அடியை நேர்கோடாக இழுப்பார்கள், ஏனெனில் சட்டி மேசையில் தட்டையாக இருக்கிறது என்றும் தெரியும். இரண்டும் பிழை. பக்கத்திலிருந்து பார்க்கும் வட்டம் நீள்வட்டமாகத்தான் தெரியும். அதுவும் கண் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்கு உருண்டு தெரியும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். அடி நேர்கோடானால் சட்டி நடுவில் அறுத்துச் சுவரில் ஒட்டியதுபோல நிற்கும்.

திருத்தும் முறை இது. முதலில் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு மெல்லிதாக. பிறகு கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்திச் சட்டியின் உயரத்தைப் பெருவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அதே பிடியோடு பென்சிலைப் படுக்கையாகத் திருப்பி, வாயின் அகலத்தில் அந்த உயரம் எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை கொஞ்சம் மடிந்தாலும் அளவு மாறிவிடும். அளவு ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது என்று முறைப்படுபவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முழங்கைதான் காரணம். நீள்வட்டத்தின் நீண்ட அச்சு நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இரு முனைகளும் மீன் வாலைப்போலக் கூராகக் கூடாது, சிறிய வளைவாகத் திரும்ப வேண்டும். முடிந்ததும் ஒரு கண்ணாடியில் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் வலம் மாறியதும் சாய்வு உடனே பிடிபடும்.

சித்திரப் பலகையையும் கவனிக்க வேண்டும். கடதாசியை மேசையில் படுக்கப்போட்டு வரைந்தால் அதன் மேற்பகுதி கண்ணுக்குக் குறுகித் தெரியும், அதை ஈடுகட்டக் கை நீட்டி வரைந்துவிடும். நிமிர்த்திப் பார்த்தால் முகம் புடலங்காயாக இருக்கும். 40 × 50 செ.மீ. அளவில் ஒரு பிளைவூட் துண்டை மடியில் வைத்து மேசை விளிம்பில் சாய்த்தால் போதும், ஈசல் என்ற சித்திரத் தாங்கி எதுவும் முதல் மூன்று மாதம் தேவையில்லை.

வெளிச்சம் அடுத்தது. மண்டபத்தில் நான்கு ரியூப்லைட்டும் எரிந்தால் சட்டிக்கு நிழலே இராது, நிழல் இல்லாமல் திரட்சி காட்ட முடியாது. மற்ற யன்னல்களைச் சாத்தி ஒரு பக்கம் மட்டும் திறந்துவிடுங்கள், அல்லது ஒரு மேசை விளக்கு. அப்போது சட்டியில் ஐந்து பகுதி தெரியும்: வெளிச்சம், இடைத்தொனி (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவானது), கடும் நிழல், மேசையிலிருந்து பட்டுத் தெறிக்கும் மங்கல் ஒளி, மேசையில் விழும் நிழல். புதியவர்கள் அந்தத் தெறிப்பொளியைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அதை வெள்ளையாக விட்டுவிடுவார்கள். அது எப்போதும் இடைத்தொனியைவிடக் கறுப்புத்தான். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் உண்மை தெரியும். மேசையில் விழும் நிழலின் ஓரம் சட்டிக்குப் பக்கத்தில் கூர்மையாகவும் தள்ளிப்போகப் போக மங்கியும் இருக்கும். முழு ஓரத்தையும் ஒரே அழுத்தத்தில் கீறினால் நிழல் கரித்துணிபோலக் கிடக்கும்.

இதற்கு வேண்டிய சாமான் அதிகமில்லை. எச்.பி., 2 பி, 4 பி பென்சில் ஒவ்வொன்று. களி கூடினால் எச் பக்கம், காரீயம் (கிராபைட்) கூடினால் பி பக்கம். அந்தக் காரீயம் எங்கள் நாட்டில் போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கும் அதே சாமான்தான். பென்சிலைக் கட்டரில் சீவாமல் பிளேட்டால் ஒரு சென்ரிமீற்றர் நீளக் கூர் விட்டுச் சீவுங்கள், பக்கத்தைச் சாய்த்து நிழல் போடலாம். எழுதும் பிடியில் மணிக்கட்டு மட்டும்தான் ஆடும், நீண்ட கோடு தோளிலிருந்து வர வேண்டும். அழிறப்பரைத் தடை செய்யும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சரியான கோடு பக்கத்தில் விழுந்த பிறகுதான் பிழையான கோட்டை அழிக்க வேண்டும். முதலே அழித்தால் அதே பிழை அதே இடத்தில் திரும்ப வரும்.

உருவப்படம் வரைய வேண்டும் என்றுதான் பலரும் வருகிறார்கள். எட்டாம் கிழமைக்கு முன் வேண்டாம். கண் தலையின் நடு உயரத்தில் இருக்கிறது என்று சொன்னால்கூட ஒருவரும் நம்ப மாட்டார்கள், நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். அளவெடுத்துப் பழகியவருக்கு இதை இரண்டு நிமிசத்தில் காட்டலாம்.

வெளியே போய் வரைய மட்டக்களப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1924 இல் கட்டிய கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தை வாவிக் கரையில் இருந்து வரைபவர்கள் பாலத்தின் தளத்தை மேலிருந்து பார்த்ததுபோலவே போடுகிறார்கள், தினமும் அதில் நடப்பவர்கள் அல்லவா! கரையில் இருப்பவரின் கண் மட்டம் தரையிலிருந்து நாலடிக்குள். தளம் அதற்கு மேலே. ஆகவே தளத்தின் கோடும் மேல் இரும்பின் கோடும், தூரம் போகப் போகக் கண் மட்டத்தை நோக்கிக் கீழே சரிய வேண்டும். முதலில் கண் மட்டக் கோட்டைக் கடதாசியின் ஓரத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்காமல் ஆரம்பிக்கவே கூடாது. இன்னொன்று, சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிழலின் வடிவத்தை முதல் 20 நிமிசத்தில் கீறிவிட்டு, பிறகு அது எங்கு போனாலும் துரத்தக் கூடாது.

வர்ணத்துக்கு வருவோம். பன்னிரண்டு, இருபத்துநான்கு வர்ணப் பெட்டி வாங்க வேண்டாம். நீர்வர்ண ரியூப் ஐந்து போதும்: லெமன் யெலோ, பெர்மனன்ட் ரோஸ், அல்ட்ராமரீன், தாலோ புளூ, பேர்ன்ட் சியன்னா. ரியூப்பின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும், அல்ட்ராமரீன் என்றால் பி.பி.29. ஒரே ரியூப்பில் மூன்று குறியீடு இருந்தால் அதை இன்னொன்றோடு கலக்கும்போது சேறாகும். பி.ஆர்.83 என்ற சிவப்பு வெளிச்சத்தில் வெளிறும், சுவரில் மாட்டும் படத்துக்குக் கூடாது. லெமன் யெலோவோடு தாலோ புளூ சேர்த்தால் நாற்றுப் பச்சை. அதே மஞ்சளோடு அல்ட்ராமரீன் சேர்த்தால் மங்கல் பச்சை, ஏனெனில் அந்த நீலத்துக்குள் சிவப்பின் சாயல் இருக்கிறது. அம்பாறை வயலுக்கு முதலாவது, வாவிக் கரைக் கண்டலுக்கு இரண்டாவது. அல்ட்ராமரீனும் பேர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் மழை முகிலின் சாம்பல் வரும். அதனால்தான் கறுப்பு ரியூப் பட்டியலில் இல்லை. கலக்க வீட்டிலுள்ள வெள்ளைப் பீங்கான் போதும். தண்ணீர் இரண்டு போத்தல், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. தூரிகை 8 ஆம் இலக்க உருண்டை ஒன்று, ஓர் அங்குலத் தட்டை ஒன்று. தூரிகையைத் தண்ணீரில் நிற்கவிட்டால் கட்டை ஊதி, பசை இளகி, தலை ஆடும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் கடதாசி. பிரிஸ்டல் போர்டில் தண்ணீர் கூடப் பட்டால் மேற்பரப்பு திரியும், டெமி தாள் சுருங்கும். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள நீர்வர்ணக் கடதாசி ஒரு முழுத்தாளை நான்காக வெட்டினால் 28 × 38 செ.மீ. நான்கு துண்டு. பின்பக்கத்திலும் வரையலாம், முதல் துண்டுகளைப் பழுதாக்கவென்றே வைத்துக்கொள்ளுங்கள். பலகையைக் கொஞ்சம் சாய்த்து, வானத்துக்கு வேண்டிய வர்ணம் முழுவதையும் முதலே கரைத்து, மேலிருந்து கீழாகத் தட்டைத் தூரிகையால் இழுத்து வர வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் ‘ஒரு சின்னத் திருத்தம்’ என்று ஈரத் தூரிகையை வைத்தவுடன் கோவாப்பூப்போல ஒரு தழும்பு விரியும். புதுத் தண்ணீர் பக்கத்தில் காயத் தொடங்கிய நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விடுவதால் வருவது அது. ஈர மினுக்கம் போன பிறகு முழுதாகக் காயும்வரை தொடக் கூடாது. வாவியில் விழும் பிம்பம் நேர் கீழேதான் விழும். கரையில் கறுப்பாக இருப்பது தண்ணீரில் சற்று வெளிறியும், வெளிறியது சற்றுக் கறுத்தும் தெரியும்.

எண்ணெய் வர்ணம் ஆரம்பகாரருக்கு வேண்டாம் என்பேன். சிறிய அறையில் தேர்பன்ரைன் மணம் ஒன்று. லின்சீட் எண்ணெய் ஊறிய சீலைத் துண்டுகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பது மற்றது. அவற்றை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடித் தகரத்தில் போட வேண்டும். இதை வகுப்பில் சொல்லித் தராதவரிடம் எண்ணெய் வர்ணம் படிக்காதீர்கள்.

வகுப்பு ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. இரண்டு மணித்தியாலத்தில் பன்னிரண்டு பேர் என்றால் ஒருவருக்குப் பத்து நிமிசம். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் ஆசிரியர் முன்னால் நின்று தான் வரைந்து காட்டுவார், அது வகுப்பல்ல, காட்சி. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கு படித்து வெளியேறும் இளைஞர்களில் கற்பிக்கக்கூடியவர்கள் உண்டு. பாடசாலைச் சித்திர அறைகள் சனிக்கிழமை பூட்டித்தான் கிடக்கின்றன. வலயக் கல்வி அலுவலகங்களும் உள்ளூராட்சி சபைகளும் சனி காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். பின்னேர வகுப்பு வேண்டாம், ஆறு மணிக்கு யன்னல் வெளிச்சம் போய்விடும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். வைகாசியிலிருந்து ஆவணிவரை கச்சான் காற்றில், தூரிகை மறு ஓரத்துக்குப் போய்த் திரும்புமுன் முதல் ஓரம் காய்ந்து கோடு விழும். கடதாசியை முதலே நனைத்து, மின்விசிறியை நிறுத்தி, காலை ஒன்பதுக்குள் முடிக்கத் தெரிந்தவர்தான் அப்போது நீர்வர்ணம் செய்யலாம். மாரியில் எதிர்மாறு: ஒரு பூச்சுக் காய அரை நாள். ஈரம் குடித்த கடதாசியின் பசைப்பூச்சுக் கெட்டு, வர்ணம் ஒற்றுத்தாளில்போலப் புள்ளி புள்ளியாக இறங்கும். வாங்கிய கடதாசியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பொலித்தீன் பைக்குள் வைத்தால் தப்பும். ஆகவே மார்கழி முதல் கிழமை பென்சிலும் சட்டியுமாக உள்ளே தொடங்கி, தை கடைசியில் வர்ண ரியூப்பைத் திறப்பதே எங்கள் மாவட்டத்துக்கு ஏற்ற ஒழுங்கு. வகுப்பு நடத்துபவர்கள் தங்கள் துண்டுப் பிரசுரத்தில் கட்டணத்தோடு இன்னும் மூன்றைச் சேர்த்து அச்சிடட்டும்: எத்தனை பேர், பொருளைப் பார்த்தா படத்தைப் பார்த்தா, எந்தக் கிழமை வர்ணம்.

இப்படிக்கு,
சித்திர ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.